வேலூர் பக்கம் முதியோர் இல்லம் தேடுகிறவர்கள் எதை எதைப் பார்க்க வேண்டும்

இல்லத்துக்குப் போனதும் ஆபீஸ் அறையில் உட்கார வைத்துக் கட்டணம் சொல்வார்கள், பெயின்ட் வாசனை போகாத ஏசி ரூம் ஒன்றைத் திறந்து காட்டுவார்கள். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். "படுத்த படுக்கையா இருக்கறவங்க எந்த ரூம்ல இருக்காங்க? ஒரு நிமிஷம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நடமாடுகிறவர், வாய் பேசுகிறவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்க முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் இல்லத்தின் தரம் தெரியும். உங்கள் அம்மா இன்றைக்கு எழுந்து நடக்கலாம். நாளைக்கு அவருக்கும் அதே கட்டில்தான்.

அந்த அறைக்குள் போனதும்

யாருடைய போர்வையையும் விலக்கிப் பார்க்கக் கூடாது. வெளியே தெரிவதே போதும். உதடு காய்ந்து தோல் உரிந்திருக்கிறதா, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, காது ஓரமும் கழுத்து மடிப்பும் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருந்தால் ஏன் என்று அங்கேயே கேளுங்கள். மூக்கு டியூப்பைப் பிடுங்குகிறவர்களைக் கட்டிப்போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துவிடுகிறார்கள் என்பதற்கு உடனே பதில் வர வேண்டும்.

படுக்கைப்புண் பற்றித் தனியாகக் கேளுங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது பொதுவான முறை. கட்டிலிலோ நர்ஸ் மேஜையிலோ அதற்கு ஒரு சார்ட் இருக்க வேண்டும். புண் முதலில் வரும் இடங்கள் வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல தோல் வெளுத்து மறுபடி சிவக்கும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண்ணின் முதல் கட்டம். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா ஓடியோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்யும் ஆயாவிடம், "புண் வரப்போகுதுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். குதிகாலைத் தொட்டுக் காட்டி விளக்கினால் அந்த இல்லத்தில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். "பவுடர் போட்டுடுவோம்" என்றால் கொடுக்கவில்லை.

ஏர் பெட் போட்டிருப்பதாலேயே நம்பிவிட வேண்டாம். மோட்டார் ஓடுகிறதா பாருங்கள். இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கு எலும்பு தட்டினால் காற்று போதவில்லை, வெறும் ரெக்சின் விரிப்பில் படுத்திருப்பதற்குச் சமம். அந்த பிளக் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கரண்ட் போனால் ஃபேன் ஓடும், மோட்டார் நின்றுவிடும் என்ற அமைப்பு பல இடங்களில் இருக்கிறது.

யூரின் பேக் இடுப்பைவிடத் தாழத் தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டியூப் மாற்றிய தேதி எழுதியிருக்க வேண்டும். மூக்கு டியூப்பில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். ஊற்றியதும் மட்டமாகப் படுக்க வைத்தால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போகும். பிறகு காய்ச்சல், இருமல், ஐசியூ.

சொல்லாமல் போங்கள்

முதல் தடவை போன் செய்துவிட்டுப் போவது மரியாதை. இரண்டாம் தடவை சொல்லாமல் போங்கள். மேனேஜர் இல்லாத ஞாயிறு மதியம், ராத்திரி சாப்பாடு போடும் 7 மணி, அல்லது காலை 6 மணி. "அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ளே விட மாட்டோம்" என்று எப்போதுமே சொல்லும் இல்லத்தை விட்டுவிடலாம். காலையில் மூத்திர வாடை கொஞ்சம் இருப்பது இயல்பு, டையாப்பர் மாற்றும் நேரம் அது. மதியம் 3 மணிக்கும் கட்டில் பக்கத்தில் அதே வாடை இருந்தால் மெத்தையே ஊறிப் போயிருக்கிறது.

காலை 11 மணிக்கு ஹாலில் இருக்கும் எல்லோரும் தலை தொங்கித் தூங்கினால் கவனியுங்கள். தொந்தரவு இல்லாமல் இருக்கத் தூக்க மாத்திரை கொடுப்பது நடக்கிறது. எந்த மாத்திரை, யார் எழுதியது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். தூக்கக் கலக்கத்தில்தான் பாத்ரூமில் விழுகிறார்கள்.

மருந்து நோட்டு

மருந்து கொடுத்ததும் கையெழுத்துப் போடும் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மறைத்துக்கொண்டு காட்டினாலும் போதும். ஒரு வாரத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் ஒரே மூச்சில் போட்டது. நீங்கள் போனது காலை 10 மணி, மதிய மாத்திரைக்கும் கையெழுத்து விழுந்திருக்கிறது என்றால் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. எங்காவது "சாப்பிட மறுத்தார்", "வாந்தி, கொடுக்கவில்லை" என்று எழுதியிருக்கும் சார்ட்தான் நிஜமான சார்ட். மாத்திரைகள் ஸ்டிரிப்பிலேயே, அவரவர் பெயர் எழுதிய டப்பாவில் இருக்க வேண்டும்.

நீங்கள் சேர்க்கப்போகிறவர் இன்சுலின் போடுகிறவர் என்றால் இல்லத்து ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப்போட வேண்டியதுதான். பிரித்தது பெரும்பாலும் 28 நாள், பாட்டிலில் பிரித்த தேதி எழுதியிருக்க வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மேஜை மேல் வைத்த இன்சுலினை நம்ப முடியாது. ஊசி எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் கேளுங்கள். ஊசி 7 மணிக்கு, இட்லி 8:30-க்கு என்றால் லோ சுகர் வரலாம். சுகர் 70-க்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, "சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டு, கால் மணி கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுவோம், முழிப்பு இல்லன்னா வாயில எதுவும் ஊத்த மாட்டோம்" என்பது மாதிரி பதில் வர வேண்டும்.

ராத்திரி எத்தனை பேர்

பகல் கணக்கை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருவரைப் புரட்டி, டையாப்பர் மாற்றி, துடைத்து முடிக்கப் பத்து நிமிஷம். படுக்கையில் எட்டுப் பேர் என்றால் எண்பது நிமிஷம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் அடுத்த சுற்றுக்கு நாற்பது நிமிஷம்தான் மிஞ்சும். சுற்றின் நடுவில் ஒருவர் பாத்ரூம் போகக் கூப்பிட்டால் போக ஆள் இல்லை. கனமான உடம்பை ஒருவர் தனியாகப் புரட்டவும் முடியாது, இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும். ஆகவே ராத்திரிக்கு ஒரே ஒரு ஆயா என்றால், சார்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் புரட்டுவது நடக்கவில்லை.

நர்ஸ் என்று சொல்கிறவர் ஏஎன்எம்மா (துணை நர்ஸ் படிப்பு), ஜிஎன்எம்மா (நர்சிங் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங்கா, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயாக்களிடம் பேச்சோடு பேச்சாக, "எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று விசாரியுங்கள். எல்லோரும் வேலைக்குச் சேர்ந்தே மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் சம்பளத்திலோ வேலைச் சுமையிலோ கோளாறு இருக்கிறது.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. குடியாத்தம், காட்பாடி பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மறதி நோய் முற்றும்போது பிறகு கற்ற மொழி போய் வீட்டுப் பேச்சு மட்டும் மிஞ்சலாம். "பானி" என்று கேட்டால் தண்ணீர் கொண்டுவர ஒரு ஆளாவது அந்த ஷிஃப்டில் வேண்டும். வட மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் அன்பாகவே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ் தெரியாத இருவர் மட்டும் ராத்திரி இருந்தால், "நெஞ்சு அடைக்குது" என்று சொல்வது யாருக்கும் புரியாமல் போகும்.

தண்ணீர், சாப்பாடு, வெயில்

மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கட்டில் பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, தானாகக் குடிக்க முடியாதவருக்கு வேளை வைத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். யூரின் பேக்கில் இருப்பது டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை. இருதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அளவு வேறு, அதை டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, தகர ஷீட் போட்ட அறை வேண்டாம்.

ராத்திரி சாப்பாடு மாலை 6 மணிக்கே முடிந்து, காலை டிபன் 8:30-க்கு என்றால் நடுவே பதினாலரை மணி நேரம் வயிறு காலி. படுக்கும் முன் பால், கஞ்சி ஏதாவது உண்டா? மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுத வேண்டும். 50 கிலோ உள்ளவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டிய இறக்கம் அது. காரணம் பல் செட் பொருந்தாததாகக்கூட இருக்கலாம்.

பாத்ரூமில் வெஸ்டர்ன் கமோடு, பக்கத்தில் பிடிகம்பி, வழுக்காத தரை, வாசலில் படி இல்லாமை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. பிடிகம்பியை நீங்களே பிடித்து இழுத்துப் பாருங்கள், ஆட்டம் கொடுக்கக் கூடாது. படுக்கையில் இருப்பவர்களை மாடியில் வைத்திருந்தால் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவது

யார் கூட வருவார், எதில், எங்கே என்ற மூன்றும் முதலிலேயே பேசி முடிவாக வேண்டும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர் என்றால் ஹாஸ்பிடல் நம்பர், மருந்துச் சீட்டு, அலர்ஜி விவரம் எல்லாம் ஒரே ஃபைலில் இல்லத்தில் இருக்கட்டும். வாய் கோணினாலோ ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று டாக்டர் முதலில் கேட்பார். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "காலைல பார்த்தப்பவே இப்படித்தான் இருந்தாங்க" என்று சொல்லும் இல்லத்தில் அந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது. ராத்திரி சுற்று வருவதன் அவசியம் இதிலும் இருக்கிறது. காட்பாடி பக்கம் என்றால் பாலாற்றுப் பாலமும் கிரீன் சர்க்கிள் சந்திப்பும் தாண்டும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பணமும் பத்திரமும்

மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பதிவுச் சான்றைக் கேட்டு, தேதி முடிந்திருக்கிறதா பாருங்கள். ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: டையாப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரி உடன் செல்லும் ஆள் ஆகியவற்றுக்குத் தனிக் காசு எவ்வளவு, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு வாடகை உண்டா, விலகினாலோ இறந்தாலோ அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். ஆதார் நகல் மட்டும் கொடுங்கள். ஏடிஎம் கார்டு, பென்ஷன் பாஸ்புக் எதுவும் கொடுக்காதீர்கள். சொத்தை எழுதிக் கொடுத்தால் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு.

சேர்த்த பிறகு

சேர்க்கும் நாளிலேயே எடை, உடம்பில் இருக்கும் தழும்பு, புண் எல்லாவற்றையும் நர்ஸுடன் சேர்ந்து பார்த்து எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் "வரும்போதே இருந்தது" என்ற பேச்சு எழாது. முதல் மாதம் வாரம் இரண்டு தடவையாவது, வேறு வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ காலை மட்டும் நம்பாமல், அரியூரிலோ சத்துவாச்சாரியிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை அனுப்புங்கள். அவர் போகும்போது குதிகாலையும் முதுகையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும்.

குறை இருந்தால் முதலில் நிர்வாகியிடம் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். சரியாகாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மாவட்ட சமூக நல அலுவலரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளிலும் மனு கொடுக்கலாம். 2019-இல் மாவட்டம் பிரிந்தபின், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்து இல்லங்களுக்கு ராணிப்பேட்டையிலும், ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூரிலும், குடியாத்தம், பேரணாம்பட்டுக்கு வேலூர் சத்துவாச்சாரியிலும் கொடுக்க வேண்டும். புண் ஆழமாகிவிட்டது, ஆள் மயக்கமாக இருக்கிறார் என்றால் மனுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.