ஒரு பெட்ரூம் வீட்டு ஒயரிங்: மீட்டரிலிருந்து பிளக் பாயின்ட் வரை

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய கட்டடங்களில், மாடிப்படிக்குக் கீழே நாலைந்து மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருக்கும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், மீட்டர், அதன் சீல் எல்லாம் பெஸ்காம் (பெங்களூர் மின் விநியோக நிறுவனம்) சமாச்சாரம். அதில் கை வைக்கக் கூடாது. மீட்டருக்குப் பிறகு வருவது வீட்டுக்காரர் பொறுப்பு. அதையும் லைசென்ஸ் உள்ளவரை வைத்துத்தான் செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, செய்ததை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்குத்தான் இந்த விளக்கம்.

படி 1: லோடு கணக்கு

வாட்டை 230 ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், இண்டக்‌ஷன் அடுப்பும் அவ்வளவே. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3, 750 வாட் மிக்ஸி 3.3. டிசம்பர் காலையில் கீசரும் இண்டக்‌ஷனும் சேர்ந்து ஓடினாலே 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். கரண்ட் பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும். 3 கிலோவாட் என்றால் வெறும் 13 ஆம்பியர்தான். பற்றாது என்று தெரிந்தால் கூடுதல் லோடுக்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 2: சர்க்யூட் பிரிப்பு

லைட், ஃபேனுக்கு ஒரு சர்க்யூட்டில் 10 பாயின்ட் அல்லது 800 வாட், இதற்கு மேல் போகக் கூடாது. 16 ஆம்பியர் பவர் பாயின்ட் ஒரு சர்க்யூட்டில் அதிகபட்சம் இரண்டு. கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனி லைன். கிச்சனுக்கு இரண்டு லைன் கேளுங்கள். பிற்பாடு சுவரை வெட்டுவதைவிட இது மலிவு.

படி 3: ஒயர் முதலில், எம்சிபி பிறகு

எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். காப்பர் ஒயரில் லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், எம்சிபி 6 அல்லது 10 ஆம்பியர். பவர் பாயின்டுக்கு 2.5 ஒயர், 16 ஆம்பியர். கீசர், ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 20 ஆம்பியர். ஒயர் 90 மீட்டர் சுருளாக வரும். கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸுக்குச் சிவப்பு, அது திரும்பும் நியூட்ரலுக்குக் கறுப்பு, கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த்துக்குப் பச்சை.

எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. அடிக்கடி விழுகிறதே என்று 16ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டினால் எம்சிபி விழாது, சுவருக்குள் ஒயர்தான் வேகும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: 16 என்று போட்டிருந்தால் 16ஐத் தாண்டியதும் விழும் என்று அர்த்தமில்லை. சுமார் 18 ஆம்பியர் வரை அது ஒரு மணி நேரத்துக்குமேலும் தாங்கலாம். 23 ஆனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். ஆகவே எம்சிபி விழவில்லை என்பதால் லைன் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், ஒன்று லோடு அதிகம், அல்லது ஸ்க்ரூ லூஸ்.

படி 4: டிபி பாக்ஸ்

எல்லா லைனும் பிரியும் பெட்டிதான் டிபி. மீட்டரிலிருந்து டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும்) மெயின் சுவிட்ச், அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), அதன்பின் ஒவ்வொரு லைனுக்கும் எம்சிபி. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் ஆர்சிசிபி விழும். ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு அது உதவாது, அதற்குத்தான் எம்சிபி.

மீட்டருக்குப் பிறகு வரும் பழைய ஒயர் அலுமினியமாக இருந்தால் காப்பரோடு நேராக முறுக்கக் கூடாது. இணைப்பு அரித்து, சூடேறிக் கருகும். இரண்டுக்கும் பொருந்தும் பைமெட்டல் லக் கேளுங்கள்.

ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுகிறதா? பெங்களூரில் யுபிஎஸ் இல்லாத வீடு அபூர்வம், பல நேரம் தொல்லை அங்கிருந்துதான் வரும். ஒன்றுக்கு மேல் ஆர்சிசிபி உள்ள வீட்டில், ஹாலின் யுபிஎஸ் லைன் ஃபேஸ் ஓர் ஆர்சிசிபியிலிருந்தும், நியூட்ரல் வேறு ஆர்சிசிபியின் நியூட்ரல் பாரிலிருந்தும் (நியூட்ரல் ஒயர்களைச் சேர்க்கும் கட்டை) வந்தால் கணக்கு இடித்து விழும். எந்த ஆர்சிசிபியின் ஃபேஸோ அதன் நியூட்ரலே அந்த லைனுக்குத் திரும்ப வேண்டும். யுபிஎஸ் லைனின் நியூட்ரல் மற்ற லைன்களோடு எந்தப் பெட்டியிலும் கலக்கக் கூடாது.

படி 5: எர்த்

வெளியே குழி தோண்டி, குறைந்தது 2.5 மீட்டர் நீள ஜிஐ பைப்பைக் கரியும் உப்பும் போட்டுப் புதைப்பது வழக்கமான முறை. இங்கே நிலம் பாறை. ஈரம் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் இல்லாத வாடகை வீட்டில், சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்கு நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் இழுத்துவிடும் ஆட்கள் உண்டு. விடாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ் உடம்பே ஷாக் அடிக்கும்.

படி 6: சாக்கெட், சுவிட்ச்

நேராகப் பார்க்கும்போது மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டால் லைட் அணைந்தும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றுபவருக்கு அபாயம். கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, டபுள் போலாக.

படி 7: கரண்ட் விடுமுன்

எல்லா லைனுக்கும் 500 வோல்ட் மெகர் (ஒயர் தோல் கரண்டைத் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ ஒயர் தோல் கிழிந்திருக்கலாம். ஆனால் அப்போது யுபிஎஸ், எல்இடி, டிவி எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை போய்விடும். கரண்ட் விட்ட பிறகு ஒவ்வொரு சாக்கெட்டிலும் டெஸ்டரை வைத்து ஃபேஸ் வலப்பக்கம்தானா என்று பாருங்கள். கடைசியாக ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால், எலக்ட்ரீஷியன் கூலி வாங்கிக்கொண்டு போகுமுன் அதை மாற்றச் சொல்லுங்கள்.