புது ஏரியில் முதல் நாள் தூண்டிலைப் பிரிக்காதீர்கள்

இங்கிலாந்தில் நாள் கட்டணம் செலுத்தித் தூண்டில் போடும் டே டிக்கெட் ஏரிகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த இரை நல்லது?" என்றுதான். இரை பிறகு. பதினான்கு வருஷமாக இங்கே கார்ப் மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். வெறுங்கையோடு திரும்பிய நாட்களை எண்ணிப் பார்த்தால், இரை சரியில்லாமல் திரும்பியது சிலமுறைதான். மீன் இல்லாத இடத்தில் உட்கார்ந்து திரும்பியதுதான் அதிகம்.

நான்கு ஏரிகள் கொண்ட ஒரு வளாகத்தில் முதல் வருஷம் இப்படித்தான் அலைந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பெரிய ஏரி, அடுத்த வெள்ளி அதற்குப் பின்னால் இருந்த சின்ன ஏரி, அதற்கடுத்த வாரம் யாரோ படம் காட்டினார்கள் என்று மூன்றாவது ஏரி. ஒன்பது பயணத்தில் ஒரே ஒரு மீன். நான்கு ஏரியில் ஒன்றைப் பற்றிக்கூட எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே முதல் வேலை, வளாகத்தில் ஒரே ஒரு ஏரியைத் தேர்ந்தெடுத்து குறைந்தது எட்டுப் பயணம் அதை விட்டு அசையாமல் இருப்பது. மிகப் பெரிய மீன் இருக்கும் ஏரி வேண்டாம். அங்கே மீன் எண்ணிக்கை குறைவு, கூட்டம் அதிகம். ஒரு கடியும் இல்லாமல் மாதம் போய்விடும், எதையும் கற்றுக்கொள்ள முடியாது. நடுத்தர அளவில், நிறைய மீன் உள்ள ஏரியாகப் பாருங்கள். மீன் கடித்தால்தான் ஏரி தன்னைப் பற்றிச் சொல்லும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டே டிக்கெட் என்பது அந்த ஏரிக்கான அனுமதி மட்டும். 13 வயது நிறைந்த எல்லோருக்கும் அரசின் ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் உரிமம், தனியாக வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்ட் வரை அபராதம். சாதாரண லைசென்ஸில் இரண்டு தூண்டில்தான், மூன்றாவதுக்கு வேறு லைசென்ஸ். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம். பெரும்பாலான ஏரிகளில் அது இல்லை. ஆனால் மே, ஜூனில் தண்ணீர் சூடாகி மீன் முட்டையிடத் தொடங்கினால் பல இடங்களில் சில நாட்கள் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கு ஏரி விதியும் மாறும்: முனையில் எதிர்முள் இல்லாத தூண்டில் முள் மட்டும்தானா, கடலை வகை இரை போடலாமா, மீனைத் தூக்கச் சொந்த வலை கொண்டுவரலாமா. இவை மூன்றும் அவசியம் கேட்கவேண்டியவை.

முதல் பயணத்தில் தூண்டில் காரிலேயே இருக்கட்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் மன்றாடிக் கேட்கிறேன். விடியும்போது அங்கே இருங்கள். தண்ணீர்மேல் கண்கூசாமல் உள்ளே பார்க்க உதவும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு ஏரியை இரண்டு முறை சுற்றுங்கள், ஒவ்வொரு ஸ்விம்மிலும் பத்து நிமிஷம் நில்லுங்கள். ஸ்விம் என்பது தூண்டில்காரர் உட்காருவதற்காகக் கரையில் திருத்திவைத்த இடம். மீன் முழுசாகத் துள்ளுவது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெறுமதியானவை சின்ன அடையாளங்கள்: சத்தமில்லாமல் தலையும் தோளும் மேலே வந்து அமிழ்வது, காற்றில்லாத நேரத்தில் ஒற்றை நாணல் தண்டு மட்டும் நடுங்குவது, சோடா நுரைபோல் சின்னச் சின்னக் குமிழிகள் ஒரே இடத்தில் விடாமல் எழுவது, தெளிந்த தண்ணீரில் ஒரு பகுதி மட்டும் பால் தேநீர் நிறமாவது. கடைசி இரண்டும் மீன் அடியில் சேற்றைக் கிளறித் தின்கிறது என்பதற்குச் சாட்சி. பார்த்ததை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றையும் எழுதுங்கள். இங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. வெதுவெதுப்பான காற்று ஒரு கரையில் மோதினால் கார்ப் அந்தக் கரைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். வசந்தத்தின் தொடக்கத்தில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ குளிர்காற்று அடித்தால் நேர்மாறு: காற்று முதுகில் படும் கரைக்குப் போங்கள். ஏப்ரலில் வடகரைதான் என் முதல் தேர்வு. தெற்கிலிருந்து வரும் வெயில் நாள் முழுக்க அதில் விழும்.

கரையில் இருப்பவர்களிடமும் பேசுங்கள். தண்ணீர் ஓரத்துக்குப் போய் நிற்காமல், பின்னால் தள்ளி நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேசவேண்டும். "எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டால் மழுப்புவார்கள். "எந்த நேரம் நல்லது?" என்று கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். பெய்லிஃப் என்கிற ஏரிக்காவலரிடம், வார இறுதிக் கூட்டம் போன பிறகு மீன் எந்த மூலைக்கு ஒதுங்குகிறது என்று கேளுங்கள். தினமும் சுற்றுகிறவருக்கு அது தெரிந்திருக்கும்.

இரண்டாவது பயணம் அடித்தரையைப் படிப்பதற்கு. கூட்டமில்லாத வார நாளில், ஒரு தூண்டில், பின்னல் நூல், அதன் நுனியில் மூன்று அவுன்ஸ் ஈயக்குண்டு, முள் கிடையாது. குண்டு தண்ணீரைத் தொட்டவுடன் நூல்சுருளை (ரீலை) நிறுத்தி, நூலை இறுக்கமாக வைத்து அமிழவிடுங்கள். தரையைத் தொடும்போது கையில் 'டொக்' என்று தட்டினால் கெட்டியான தரை. மெத்தையில் விழுந்ததுபோல் இருந்தால் சேறு. எதுவுமே தெரியாமல் நூல் தளர்ந்தால் பாசிக்குள் இறங்கிவிட்டது. பிறகு தூண்டிலைப் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள், நூல் சுட்டுவிரல் மேல் ஓடட்டும். சரளைக்கல் என்றால் விரலில் தடதடவென்று அதிரும். மணல் அல்லது களிமண் என்றால் வெண்ணெயில் கத்தி போனதுபோல் வழுக்கும். பாசியில் கனத்துக்கொண்டே வந்து சட்டென்று விடுபடும். விடுபட்ட அந்த இடத்தில்தான் பாசிக்கு நடுவே சுத்தமான திட்டு இருக்கக்கூடும். அங்கே இன்னும் நாலைந்து முறை எறிந்து அதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குண்டை ஒவ்வொரு முறையும் கையிலெடுத்து முகர்ந்து பாருங்கள். கரிய சேறு ஒட்டி அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த இடம் வேண்டாம். சேறு மண்வாசனையோடு இருந்து அதில் சிவப்புப் புழு ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் அது மீனின் சாப்பாட்டு அறை. மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாத நடு ஏரியில் இப்படி ஓர் இடம் எனக்குக் கிடைத்தது. நான் பிடித்த மிர்ரர் கார்ப்பில் (அங்கங்கே மட்டும் பெரிய செதில் உள்ள வகை) பாதிக்கு மேல் அந்தச் சேற்றிலிருந்து வந்தவை.

இடம் கிடைத்ததும் நூலைச் சுருளின் கிளிப்பில் மாட்டிவிட்டு, 12 அடி இடைவெளியில் நட்ட இரண்டு குச்சிகளில் சுற்றி எண்ணுங்கள். ஒரு சுற்று நான்கு யார்டு. "14 சுற்று, எதிர்க்கரை வில்லோ மரத்தின் இடதுகிளை" என்று எழுதிக்கொண்டால், அடுத்த வாரம் இருட்டில்கூட அதே 56 யார்டு தூரத்தில் போய் விழும். இவ்வளவு எறிந்தால் அன்றைக்கு அந்த ஸ்விம் கலைந்துபோகும். போகட்டும்.

மூன்றாவது பயணத்தில்தான் மீன்பிடி. முடிச்சுகளை எளிமையாக வையுங்கள். முள்ளை ஒட்டி ஒரு மெல்லிய இழையில் இரையைத் தொங்கவிடும் ஹேர் ரிக் போதும். 1980 வாக்கில் லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் உருவாக்கியது. முதலில் உண்மையான தலைமுடியில்தான் இரையைக் கட்டிப் பார்த்தார்கள். கார்ப் இரையை உறிஞ்சி, பிடிக்காததை ஊதித் துப்பும். இரை முள்ளில் குத்தப்படாமல் தனியே தொங்குவதால், துப்பும்போது முள் கீழுதட்டில் ஏறிவிடும். ஈயக்குண்டு பாசியில் சிக்கினால் கழன்று விழும்படி கிளிப் போடுங்கள். நூல் அறுந்தாலும் மீன் குண்டை இழுத்துக்கொண்டு திரியக்கூடாது.

இரை குறைவாகப் போடுங்கள். வார இறுதி முழுக்க ஆட்கள் கொட்டிய ஏரியில் இன்னொரு வாளி கொட்டுவதில் பயனில்லை. ஒரு தூண்டிலுக்கு ஒரு கைப்பிடி 15 மில்லிமீட்டர் பாய்லி, அதாவது மாவை உருட்டி வேகவைத்த இரை உருண்டை. ஒரு மீன் கடித்த பிறகு இன்னொரு கைப்பிடி. ஒரு தூண்டில் நீங்கள் அளந்த இடத்துக்கு, மற்றொன்று உங்கள் காலடி ஓரத்துக்கு. ஓரத்தை யாரும் மதிப்பதில்லை, எல்லோருடைய கண்ணும் ஏரி நடுவில் இருக்கும் தீவின் மேல்தான். அந்த வளாகத்தில் ஐந்தாவது பயணத்தின்போது, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மூன்று யார்டுக்குள் ஒரு நாணல் அசைந்தது. சோளமணி இரண்டைக் கோத்து, நூல் முழுவதும் தரையில் படியும்படி தளர்த்தி, எழுந்து பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்தேன். காலால் தரையை மிதிக்கவே பயம். நாற்பது நிமிஷத்தில் 21 பவுண்ட் காமன் கார்ப், உடம்பெங்கும் செதில் அடுக்கி, பழைய செப்புக்குடத்தின் நிறத்தில்.

மீன் தெரிந்தால் இடம் மாறுங்கள். கூடாரம் போட்டாயிற்று, தேநீர் கொதிக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அதனால்தான் நான் முதல் இரண்டு மணி நேரம் கூடாரத்தைப் பிரிப்பதே இல்லை.

மீன் கரைக்கு வருமுன் அதைக் கிடத்தும் மெத்தையை நனைத்துவையுங்கள், கையையும் நனையுங்கள். முழங்காலிட்டே தூக்குங்கள், மார்புயரத்துக்குத் தூக்கவேண்டாம். முள் குத்திய இடத்தில் ஒரு சொட்டு கிருமிநாசினி, ஒரு படம், உடனே மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். இந்த மீன்களில் பல, நாம் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குவதற்கு முன்பே இங்கே நீந்திக்கொண்டிருந்தவை.

வீடு திரும்பியதும் வலையையும் மெத்தையையும் கழுவி வெயிலில் முழுக்க உலர்த்துங்கள். கோய் ஹெர்பீஸ் வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் 16 முதல் 28 டிகிரி வரை இருக்கும்போது நோயாக வெளிப்பட்டு, ஒரு ஏரியின் கார்ப்பில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். ஈர வலை வழியாக ஏரிக்கு ஏரி பரவக்கூடியது. வாசலில் கிருமிநீர்த் தொட்டி வைத்திருந்தால், யாரும் பார்க்காவிட்டாலும் வலையை முழுதாக அதில் அமிழ்த்தி எடுத்துவிட்டு உள்ளே போங்கள்.