ராஜினாமா கடிதத்துக்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களிலிருந்து, இருக்கும் வேலையை விட்டு வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் புறப்படும் தம்பி தங்கைகளே, முதலில் எந்த நாடு நம் மலேசியப் பாஸ்போர்ட்டை ஏற்கிறது என்று பாருங்கள்.

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்போருக்கான இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்கே. நீங்கள் எவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசினாலும் அந்த வரிசையில் மலேசியா இல்லை. இது நியாயமே அல்ல என்பது என் எண்ணம். வியட்நாமில் நமக்கும் இடமுண்டு. பட்டம், கற்பித்தல் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

நன்னடத்தைச் சான்றிதழை வழங்குவது புத்ராஜெயாவில் இருக்கும் விஸ்மா புத்ரா, அதாவது நம் வெளியுறவு அமைச்சு. அதையும், பட்டச் சான்றிதழுக்கான உறுதிப்படுத்தலையும் இங்கிருக்கும்போதே முடித்துவிடுங்கள். நான் முடிக்காமல் ஹனோய்க்குப் போனேன். தோட்டத்தைத் தாண்டி அதிகம் போயிராத அம்மா, என் பட்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு புத்ராஜெயாவுக்கு இரண்டு முறை பஸ் ஏறினார். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கற்பித்தல் சான்றிதழுக்கான வகுப்பு 120 மணி நேரமாவது இருக்கட்டும். செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழ் படிப்பில் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். வெறும் இணைய வகுப்புகள் பலவற்றில் அது கிடையாது. அத்தகைய வகுப்பில்தான் சேர முடிகிறது என்றால், கோயில் மண்டபத்து டியூஷன் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள். மூன்று மாதம் போதும், கரும்பலகை முன் நிற்கும் நடுக்கம் போய்விடும்.