சுவர் எங்கே முடிகிறது?

பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தை வடிவமைக்கும் வேலை. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த சேலத்துப் பையன் போன வாரம் டிராயிங்கைக் கொண்டுவந்து நீட்டினான். மீட்டிங் அறையின் சுவர் தரையிலிருந்து கிளம்பி, ஃபால்ஸ் சீலிங்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே கோடு. “இதை யார்கிட்ட கத்துக்கிட்டே தம்பி?” என்றேன். “எல்லா டிராயிங்லயும் இப்படித்தானே சார் இருக்கு?” என்றான்.

நாற்காலி உயரம், நடைபாதை அகலம் எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு, தடுப்புச் சுவர்கள் இல்லாத திறந்த அலுவலகங்களை வடிவமைக்கும்போது கோட்டைவிடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தளம் வரை போகாத சுவர்

திறந்த அலுவலகம்தான். இருந்தாலும் சம்பளம் பேச, ஒருவரை வேலையை விட்டு அனுப்ப, வக்கீலோடு போனில் பேச நாலு அறையாவது மூடியிருக்க வேண்டும். அந்த நாலு அறையில்தான் நான் கோட்டைவிட்டேன்.

ஃபால்ஸ் சீலிங்குக்கும் மேலே உள்ள கான்கிரீட் தளத்துக்கும் நடுவே இரண்டு மூன்றடி இடம் சும்மா கிடக்கும். பல கட்டடங்களில் அறைகளிலிருந்து ஏசிக்குத் திரும்பும் ரிட்டர்ன் காற்று அந்த வழியாகத்தான் போகும். மாடி முழுக்க ஒரே சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைச் சீலிங்கோடு நிறுத்தினால் செலவு குறையும், ஏசிக்காரருக்கு வேலை மிச்சம், நாளைக்கு அறையை நகர்த்துவதும் சுலபம் என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். மிச்சம் பிடித்த பணத்தை இரட்டைக் கண்ணாடியில் கொட்டினோம்.

திறப்பு விழா முடிந்த இரண்டாவது வாரம் ஹெச்ஆர் மேலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. ஓர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். பக்கத்து அறையில் தன் உதவியாளரை கேன்டீன் மெனுவை வாசிக்கச் சொல்லியிருந்தார். “பிசிபேளே பாத், கேசரி பாத், மோர் மிளகாய்…” தலைக்கு மேலிருந்த ரிட்டர்ன் கிரில்லிலிருந்து எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. “நேத்து இதே மாதிரி ஒருத்தரோட இன்க்ரிமென்ட்டைக் கேட்டோம்” என்றார்.

கணக்கைப் பாருங்கள். சுவர் 12 சதுர மீட்டர், 50 டெசிபல் ஒலியைத் தடுக்கக்கூடியது. அதில் 30க்கு 40 சென்டிமீட்டரில் ஓர் ஓட்டை. பரப்பில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் மொத்தச் சுவரும் 20 டெசிபல் சுவராகச் சரிந்துவிடும். 20 டெசிபல் என்றால் சாதாரணப் பேச்சு அந்தப் பக்கம் தெளிவாகவே கேட்கும். கண்ணாடியை எவ்வளவு தடிமனாக வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

திருத்தினோம். வெள்ளி ராத்திரி ஆரம்பித்து ஞாயிறு ராத்திரி முடிக்க வேண்டும், திங்கள்கிழமை தூசி இருக்கக் கூடாது. அப்படி நான்கு வாரம். மேசைகளுக்கெல்லாம் பாலிதீன் போர்த்தி, சீலிங்கைக் கழற்றி, சுவருக்கு மேலே தளம் வரை இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து, நடுவில் ஒலியை உறிஞ்சும் ராக்வுல் பஞ்சு அடைத்தோம். கேபிள் ட்ரேயும் ஸ்பிரிங்க்ளர் குழாயும் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையையும் பூச வேண்டியிருந்தது. ரிட்டர்ன் காற்று போக, உள்ளே பஞ்சு ஒட்டி வளைத்த காற்றுக் குழாய் தனியாக. முதலிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல மூன்று மடங்கு ஆனது. அதில் ஒரு பங்கு எங்கள் ஃபீஸிலிருந்து போனது. இத்தனைக்கும் பிறகு கதவுக்கு அடியில் அரை அங்குலச் சந்து இருப்பதை மறந்து, ரப்பர் சீல் போட மறுபடியும் போனோம். இன்னும் எரிச்சல் தீரவில்லை.

மேசைக்குச் சக்கரம், சீலிங்குக்கு ஆணி

நினைத்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சக்கரம் வைத்த மேசைகளாக வாங்குவார்கள். ஒரு சுவரை ஆறடி நகர்த்திப் பாருங்கள், ஸ்பிரிங்க்ளர், ஸ்மோக் டிடெக்டர், ஏசி வாய், விளக்கு நாலும் கூடவே நகர்ந்தாக வேண்டும். பின்னாளில் சுவர் எந்தெந்தக் கோட்டில் வரலாம் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, இந்த நாலையும் அந்தக் கோடுகளுக்கு நடுவே வையுங்கள். அந்தக் கோடுகளில் சீலிங்குக்கு மேலே உள்ள தடுப்பையும் அப்போதே போட்டுவிட்டால், கீழே சுவரை எழுப்புவதும் எடுப்பதும் ஒரு வார வேலை.

சுவரை எடுத்தால் பேச்சு பெருகும் என்பது

ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களில் இதை அளந்து 2018இல் வெளியிட்டார்கள். திறந்த அமைப்புக்கு மாறியதும் நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சல் கூடியது. நம் ஊரிலும் அதே கதைதான். காதில் ஹெட்போன், பக்கத்து மேசைக்காரருக்கு மெசேஜ்.

மேற்கே முழுக் கண்ணாடி

நாலு மணிக்கு மேல் வெயில் தாங்காமல் கண்ணாடியில் சார்ட் பேப்பர் ஒட்டிவிடுவார்கள்.

அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்கை எடுப்பது

எடுங்கள். கார்பெட்டையும் சேர்த்து எடுக்காதீர்கள், எதிரொலியில் கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

தண்ணீர் கேனுக்கு இடம்

எல்லாம் திறந்தவெளி என்று பெருமையாக வரைந்த ஒரு மாடியில், துடைப்பத்துக்கும் வாளிக்கும் இருபது லிட்டர் கேன்களுக்கும் அறையே வைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது, நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மரப் படிக்கட்டுக்கு அடியில் பதினாலு கேன் அடுக்கியிருந்தது. பேன்ட்ரி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதுக்குன்னே கட்டினீங்களோன்னு நினைச்சேன் சார்.”