பொடி சரியாகக் கலந்துவிட்டதா? பிளெண்டரில் என்.ஐ.ஆர். சென்சார் பொருத்தும் முறை

மாத்திரைக்கான மருந்துப் பொடியைச் சுழற்றிக் கலக்கும் இயந்திரமான பிளெண்டரை நிறுத்தி, நீளக் குழாயை உள்ளே விட்டுப் பல இடங்களில் சாம்பிள் எடுத்து, லேப் முடிவுக்குக் காத்திருப்பதுதான் பழைய வழக்கம். அந்தக் குழாய் இறங்கும்போதே பொடியைக் கலைத்துவிடும் என்பதால் முடிவையும் முழுசாக நம்ப முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-லேயே, தயாரிக்கும்போதே அளந்து பாருங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. அதற்கு நல்ல தொடக்கம் என்.ஐ.ஆர்., அதாவது பொடியில் அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பும் ஒளியை அளக்கும் முறை.

பிளெண்டர் மூடியில் சஃபையர் ஜன்னல் வைத்து சென்சாரைப் பொருத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னல் கீழே வந்து பொடி அதை மூடும்போது மட்டும் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்ற விவரம்) பதிவாக வேண்டும். கலக்கக் கலக்க, அடுத்தடுத்த ஸ்பெக்ட்ரங்களுக்குள் வேறுபாடு குறையும். ஒரே ஒரு சுற்றில் குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள், தொடர்ந்து பல சுற்றுகள் வரம்புக்குள் நிற்கட்டும். அப்போதும், ஜன்னல் பக்கம் எல்லாம் ஒரே சீராக இருக்க, மூலையில் மருந்து தேங்கிக் கிடக்கலாம். அதனால் ஸ்பெக்ட்ரத்தை வைத்து மருந்தின் அளவையே சொல்லும் கணக்கு மாடலும் வேண்டும்.

உழைப்பெல்லாம் இந்த மாடலில்தான். அதைப் பழக்க, மருந்து குறித்த அளவில் 80 முதல் 120 சதவீதம் வரை இருக்கும் கலவைகள் செய்யுங்கள். மருந்து கூடும்போதெல்லாம் நிரப்புப் பொருளான லாக்டோஸ் மட்டும் அதே கணக்கில் குறைந்தால், மாடல் லாக்டோஸைப் பார்த்தே விடை சொல்லப் பழகிவிடும், மருந்தைக் கவனிக்காது! எனவே மற்ற சேர்மானங்களையும் தனித்தனியாக மாற்றுங்கள். துகள் அளவு, ஈரப்பதம், மூலப்பொருளின் வெவ்வேறு லாட் எல்லாம் இந்தக் கலவைகளுக்குள் வரட்டும், ஏனென்றால் 1450, 1940 நானோமீட்டர் பக்கம் தண்ணீர் பலமாகத் தெரியும், கொஞ்சம் ஈரம் கூடினாலே கணக்கு தடுமாறும். அப்புறம், மாடல் பார்க்காத புது பேட்ச்களை ஹெச்.பி.எல்.சி. (மருந்தைத் தனியே பிரித்து அளக்கும் லேப் சோதனை) முடிவோடு ஒப்பிடுங்கள்.

மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டீரேட் உள்ளே போன பிறகு கலக்கும் நேரத்தை நீட்டாதீர்கள். அது துகள்களைப் பூசிக்கொண்டால் மாத்திரை உறுதி குறையும், கரையவும் தாமதமாகும்.

பிளெண்டரில் சீராக இருந்த பொடி, கொட்டும்போது பிரிந்துபோகலாம். ஆகவே மாத்திரைச் சோதனையைக் கைவிட வேண்டாம்: அமெரிக்க மருந்துத் தர நூலான யு.எஸ்.பி. முறையில் முதல் கட்டமாக 10 மாத்திரை, ஏற்பு மதிப்பு (மருந்தளவு எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்) 15.0-க்குள்.

ஒதுங்கி நிற்கும் ஸ்பெக்ட்ரத்தை அழிக்காமல் காரணம் தேடுங்கள். சப்ளையர் மாறினாலோ, சென்சார் விளக்கை மாற்றினாலோ, அடுத்த பேட்ச் ஓடுவதற்கு முன் மாடலை மறுபடி சரிபாருங்கள்.