பெட்ரோல் கசிந்த இடத்தில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வக அறிக்கையில் பென்சீன் (பெட்ரோலில் உள்ள நச்சுப் பொருள்) அளவு கூடி வந்தால் உடனே மறுபடியும் சோதிக்கிறார்கள். குறைந்து வந்தால் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் சந்தேகம் வர வேண்டும். பென்சீன் எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால், மாதிரி எடுப்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அளவைக் குறைத்தே காட்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய கணக்கில் சின்ன அலட்சியம்கூட, மாசுபட்ட நீரைக் குடிக்கத் தகுந்ததாகக் காட்டிவிடும்.

முதல் பிழை கிணறு அமைப்பதிலேயே தொடங்குகிறது. பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை, நீர்மட்டத்தின் மேல் மிதப்பவை. கண்காணிப்புக் கிணற்றின் துளையிட்ட குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருந்தால்தான் அந்த எண்ணெய் உள்ளே வர முடியும். மழைக்காலத்தில் நீர் ஏறித் துளைகள் முழுக்க மூழ்கிவிட்டால், எண்ணெய் குழாய்க்கு வெளியிலேயே நின்றுவிடும். பதிவேட்டில் ‘எண்ணெய் இல்லை’ என்று ஏறும். ஆண்டின் உச்ச மட்டம், தாழ்ந்த மட்டம் இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே துளைப்பகுதியின் இடத்தை முடிவு செய்யுங்கள். பாதுகாப்புக்கு என்று அளவுக்கு மீறி நீளமாக வைத்தால் வேறு சிக்கல்: ஆழத்திலுள்ள தூய நீர் கலந்து மாசு நீர்த்துப்போகும்.

எண்ணெய் மிதக்கும் கிணற்றில் நீர்மட்டத்தை அளந்தபடியே எழுதிவிடக் கூடாது. எண்ணெயின் எடை நீரைக் கீழே அழுத்தியிருக்கும். எண்ணெயின் தடிமனை அதன் ஒப்படர்த்தியால் (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) பெருக்கி, அளந்த நீர்மட்ட உயரத்தோடு கூட்ட வேண்டும். 40 செ.மீ. பெட்ரோல் மிதந்தால், ஒப்படர்த்தி 0.75 என்று கொண்டு 30 செ.மீ. கூட்டுங்கள். சரிவு குறைவான நிலத்தில் இந்த 30 செ.மீ. விட்டுப்போனால் நீரோட்டத்தின் திசையே வரைபடத்தில் மாறிவிடும். அடுத்த கிணற்றைத் தவறான பக்கம் தோண்டுவீர்கள். இன்னொன்று: கிணற்றில் தெரியும் தடிமன் மண்ணில் இருக்கும் தடிமன் அல்ல. நீர்மட்டம் இறங்கும்போது கிணற்றில் எண்ணெய் கூடுவது வழக்கம். அதைப் புதிய கசிவு என்று எடுத்துக்கொண்டு பதற வேண்டாம்.

மாதிரிக்கு முன் நீரை வெளியேற்றுவதில் அவசரம் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. வேகத்தில் மெதுவாக எடுங்கள். கிணற்றின் மட்டம் சுமார் 10 செ.மீ.க்கு மேல் இறங்க விடாதீர்கள். சில நிமிட இடைவெளியில் தொடர்ந்து மூன்று அளவீடுகளில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) வேறுபாடு 0.1க்குள்ளும் மின்கடத்துதிறன் வேறுபாடு 3 சதவீதத்துக்குள்ளும் நிலைத்தால், பம்பை நிறுத்தாமலே குப்பியில் பிடிக்கலாம். வாளிபோல் இறக்கி ஏற்றும் பெய்லர் நீரைக் கலக்கும். ஆவியாகும் பென்சீனும் போகும், சேறும் வரும். சேற்றுத் துகளில் ஒட்டிய எண்ணெய் மொத்த ஹைட்ரோகார்பன் (எல்லா எண்ணெய்ப் பொருள்களும் சேர்ந்த) அளவை ஏற்றிக் காட்டும். கலங்கலைப் போக்க வடிகட்டலாமே என்று தோன்றும். பென்சீன் மாதிரியை ஒருபோதும் வடிகட்டாதீர்கள். வடிகட்டும்போதே பாதி பறந்துவிடக்கூடும்.

அதிகம் கெடுவது குப்பியில்தான். 40 மி.லி. குப்பியை விளிம்பில் நீர் குவிந்து நிற்கும்வரை மெல்ல நிரப்பி மூடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். குமிழி தெரிந்தால் அதை ஊற்றி நிரப்பப் பார்க்காமல் புதுக் குப்பியை எடுங்கள். உள்ளே முன்கூட்டியே இட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலம் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்பதைத் தடுக்கும். பிஎச் 2க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆகவே குப்பியைக் கழுவுவதும், பொங்கி வழிய விடுவதும் கூடாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் அமிலம் பட்டதும் நுரைக்கும், அந்தக் குமிழிகளோடு பென்சீனும் வெளியேறும். அப்படிப்பட்ட இடத்தில் அமிலமில்லாத குப்பியில் எடுத்து, 7 நாளுக்குள் சோதித்துவிடுங்கள். அமிலமிட்டது என்றால் 14 நாள். இரண்டையும் 4 டிகிரி குளிரில், உறையாமல் வைக்க வேண்டும்.

அளவைக் கூட்டிக் காட்டும் பிழைகளும் உண்டு. ஜெனரேட்டர் புகை, மாதிரி எடுக்கும் அதே கையால் பெட்ரோல் நிரப்புவது, அதிக மாசுள்ள கிணற்றை முதலில் எடுத்துவிட்டு அதே குழாயோடு தூய கிணற்றுக்குப் போவது ஆகியவை. தூய கிணற்றில் தொடங்கி மோசமானதில் முடியுங்கள். ஆய்வகம் நிரப்பித் தரும் தூயநீர்க் குப்பி ஒன்று பெட்டிக்குள்ளேயே போய்த் திரும்பட்டும். அதில் பென்சீன் தெரிந்தால் கோளாறு நிலத்தில் இல்லை.

சுத்திகரிப்பு பம்பு ஓடும்போது எடுத்த மாதிரியை வைத்துப் பணியை முடிப்பது பெரிய தவறு. பம்பை நிறுத்தியதும் மண்ணில் ஒட்டிய எண்ணெய் மீண்டும் நீரில் கரையத் தொடங்கும். அளவு பழையபடி ஏறலாம். நிறுத்திய பிறகு குறைந்தது ஓராண்டு, நீர் ஏறும் பருவமும் இறங்கும் பருவமும் அடங்கும்படி மாதிரி எடுங்கள்.

அறிக்கை வந்ததும் ‘காணப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கண்டறியும் எல்லை (சோதனையில் தெரியக்கூடிய மிகக் குறைந்த அளவு) எவ்வளவு என்று பாருங்கள். எண்ணெய் மிகுந்த மாதிரியை ஆய்வகம் நீர்த்துச் சோதித்திருந்தால் அந்த எல்லை 50 மைக்ரோகிராமாகக்கூட உயர்ந்திருக்கும். அட்டவணையில் அதைப் பூஜ்யம் என்று நிரப்பாமல் ‘50க்குக் கீழ்’ என்றே எழுதி, குறைவாக நீர்த்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.