கிளாஸ்ல நட்ஸ் அலர்ஜி உள்ள பிள்ளை இருந்தா ஸ்நாக்ஸ் விஷயத்துல நாம பண்ணுத தப்புகள்

என் மவன் இப்ப ரெண்டாங்கிளாஸ், பாளையங்கோட்டைல படிக்கான், நிலக்கடலையும் முந்திரியும் அவனுக்கு ஆகாது. ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்த உடனே மிஸ் வாட்ஸ்அப் குரூப்ல "ஸ்நாக்ஸ்ல நட்ஸ் குடுத்து விடாதீங்க"ன்னு போட்டாங்க, மறுநாளே அவன் பக்கத்துல இருக்க பிள்ளை டப்பால கடலைமிட்டாய். அந்த அம்மாட்ட கேட்டேன், அவங்க நெசமாவே குழம்பிப் போயி "நட்ஸ்னா பாதாம் பிஸ்தா முந்திரி தானக்கா, கடலை எப்பிடி நட்ஸ் ஆகும்"னாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல. செடி கணக்குல பாத்தா நிலக்கடலை பயறு வகைதான், மண்ணுக்குள்ள காய்க்கது. ஆனா அலர்ஜில ரொம்ப பயப்பட வேண்டியதுல அதுவும் ஒண்ணு. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய், எங்க வீட்லயும் அதத் தின்னுதான் வளந்தோம், அது மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, கிளாஸ்ரூமுக்குள்ள மட்டும் வேண்டாம்னுதான் சொல்லுதேன்.

சரி, "கடலை வேண்டாம்"னு மெசேஜ மாத்திப் போட்டா போதுமான்னா அதுவும் பத்தாது. நம்ம ஊர்ல நிலக்கடலையும் கடலை, கொண்டக்கடலையும் கடலை, சட்னிக்கு அரைக்க பொரிகடலையும் கடலை. ஒரு அம்மா சுண்டல் குடுக்கவே பயந்துட்டாங்க, இன்னொருத்தங்க எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சு நிலக்கடலையவே அவிச்சு குடுத்துட்டாங்க. அதனால மெசேஜ் போடுத மிஸ்மாருக்கு என் வேண்டுகோள், பொதுவா போடாம பேர் பேரா எழுதுங்க: நிலக்கடலை, முந்திரி (அண்டிப்பருப்புன்னும் கொல்லாங்கொட்டைன்னும் சொல்லுத வீடு இருக்கு, அதையும் சேத்து எழுதுங்க), பாதாம், பிஸ்தா, வால்நட். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாதுங்கத அந்தப் பிள்ளை வீட்ல கேட்டு எழுதணும், ஏன்னா நிலக்கடலை ஆகாத எல்லா பிள்ளைக்கும் முந்திரி ஆகாதுன்னு இல்ல, ஆனா முந்திரி ஆகலன்னா பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது.

பேரப் பாத்து முடிவு பண்ணுததுதான் எனக்குத் தெரிஞ்சு ஆக மோசமான தப்பு. அவன் யூகேஜி படிக்கையில ஒரு பிள்ளைக்கு பர்த்டே, தூத்துக்குடி மக்ரூன் கொண்டாந்துருந்தாங்க, அது முட்டைல பண்ணுதது தானன்னு நினைச்சு இவனுக்கும் ஒண்ணு குடுத்துட்டாங்க. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரித் தூள், இந்த மூணுந்தான் மக்ரூன், பாத்தா முந்திரி இருக்க தடமே தெரியாது. ஒரே ஒரு கடிதான் கடிச்சான், பத்து நிமிஷத்துல ஒதடு வீங்கி மேலெல்லாம் தடிச்சு இருமல் வந்துட்டு, நான் ஆட்டோல அழுதுகிட்டே போன தூரம் இன்னைக்கும் மறக்கல. இதுக்கு நேர் எதிரா நம்ம முந்திரிக்கொத்து, பேர்லயே முந்திரி இருக்கு, ஆனா பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் போட்டு உருட்டி மாவுல முக்கிப் பொரிக்கது, முந்திரியே கிடையாது. மஸ்கோத் அல்வால முந்திரி போடுவாங்க, நம்ம கோதுமை அல்வால சில கடைல போடுவாங்க சில கடைல போட மாட்டாங்க. இத எல்லாம் கேட்டாத்தான் தெரியும்.

அடுத்து எண்ணெய். முந்திரிக்கொத்துல முந்திரி இல்லன்னு சந்தோசப்பட்டா அதப் பொரிச்சது எதுல? முறுக்கு, சேவு, கருப்பட்டி மிட்டாய்னு நம்ம பக்கம் பாதிப் பண்டம் கடலெண்ணெய்ல பொரிக்கது. இதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது, நல்லா ரீஃபைன் பண்ணுன கடலெண்ணெய்ல புரதம் கிட்டத்தட்ட போயிரும், செக்குல ஆட்டுன எண்ணெய்ல கடலைப் புரதம் தங்கும், அலர்ஜி பண்ணுததே அந்தப் புரதம்தான். செக்கு எண்ணெய் ஒடம்புக்கு நல்லதுன்னு ஆசையா சுட்டுக் குடுத்த முறுக்குதான் இந்தப் பிள்ளைக்கு ஆகாமப் போகும். லூஸ்ல வாங்குத பண்டத்துல எந்த எண்ணெய்ங்கது கடைக்காரருக்கே சில நேரம் தெரியாது, ஒரே கரண்டியால கடலை மிக்சரையும் அள்ளி ஓமப்பொடியையும் அள்ளுவாங்க. சரஸ்வதி பூஜைக்கு பொரியும் பொரிகடலையும் வாங்கும்போதும் அதே கததான், அதே படில நிலக்கடலையும் அளந்துருப்பாங்க.

"முந்திரிய பொறுக்கி எடுத்துட்டேன், சாப்பிடட்டும்"னு சொல்லுதாங்க பாருங்க, பொங்கல்லயும் லெமன் சாதத்துலயும், அது நடக்காது. பருப்ப எடுத்தாலும் அதோட புரதம் சோத்துல ஒட்டிக்கிடும், வறுத்தாலும் அவிச்சாலும் போகாது. சத்துமாவும் அப்பிடித்தான், ஆச்சி பாசமா திரிச்சுக் குடுத்ததுல நிலக்கடலை, பாதாம் எல்லாம் கிடக்கும்.

பாக்கெட் ஸ்நாக்ஸ்னா லேபிள் இருக்கு, 2020 லேபிள் விதிப்படி நிலக்கடலை, நட்ஸ் இருந்தா போட்டாகணும். "கன்டெய்ன்ஸ்"னு (இருக்கு) போட்டிருந்தாலும் "மே கன்டெய்ன்"னு (இருக்கலாம்) போட்டிருந்தாலும் ரெண்டையும் ஒண்ணாவே பாருங்க. போன மாசம் பாத்தோமேன்னு விடாதீங்க, கம்பெனி செய்முறைய மாத்துவான், ஒவ்வொரு வாட்டியும் வாசிக்கணும்.

கை கழுவுததுல ஒரு ஏமாத்தம் இருக்கு. சானிடைசர் கிருமியக் கொல்லும், கடலைப் புரதத்த எடுக்காது. சோப்பு போட்டு தண்ணில கழுவணும், டெஸ்க்கையும் தொடைக்கணும். அதுக்காக கடலை வாசம் அடிச்சாலே ஆபத்துன்னு பிள்ளைய ஓரமா தனியா உக்கார வைக்கது ரொம்பப் பாவம், பெரிய ஆபத்து வாய்க்குள்ள போறதுலதான்.

"கொஞ்சங்கொஞ்சமா குடுத்தா பழகிரும்"னு சொல்லாத பெரியவங்க கெடையாது. 2015ல லண்டன்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 4 மாசத்துல இருந்து 11 மாசம் வரைக்கும் உள்ள 640 குழந்தைங்கள வச்சு, சின்னதுலயே நிலக்கடலை குடுத்தா அலர்ஜி வரது ரொம்பக் குறையுதுன்னு. அது அலர்ஜி வராம தடுக்கதுக்கு. வந்துட்ட பிள்ளைக்கு வீட்லயோ கிளாஸ்லயோ யாரும் சோதிச்சுப் பாக்கக் கூடாது.

தப்பித் தின்னுட்டான்னா அலர்ஜி மாத்திரை குடுத்துட்டு பாத்துக்கிட்டு இருக்கதுதான் அடுத்த தப்பு. மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சு அடைக்கத நிறுத்தாது. இருமல், இரைப்பு, குரல் மாறுதது, திரும்பத் திரும்ப வாந்தி, பிள்ளை துவண்டு போறது, இதுல எது வந்தாலும் டாக்டர் எழுதிக் குடுத்த அட்ரினலின் ஊசிய தொடையோட வெளிப்பக்கம் போட்டுட்டு உடனே 108. ஊசி கைல இல்லன்னா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம 108. நடக்க விடாதீங்க, படுக்க வச்சு கால ஒசத்துங்க, மூச்சுத் திணறுனா உக்கார வைங்க. சரியான மாதிரி தெரிஞ்சாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம், அதனால ஆஸ்பத்திரி போயே ஆகணும். சின்னப் பிள்ளைக்கு சொல்லத் தெரியாது, "தொண்டைல முள்ளு குத்துது"ன்னுதான் என் மவன் சொன்னான், மிஸ்மாரு அந்த வார்த்தைய சாதாரணமா எடுத்துக்கிடாதீங்க.

குடுக்கதுக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சமா? வாழைப்பழம், கொய்யா, அவிச்ச சீனிக்கிழங்கு, தை மாசம்னா மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்ச பனங்கிழங்கு, வெயில் காலத்துல நுங்கு. வீட்லயே பண்ணுன கொழுக்கட்டையும் பயறு சுண்டலும் நிறைய பிள்ளைங்களுக்கு ஒத்துக்கிடும், அந்தப் பிள்ளை அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா போதும். பர்த்டேக்கு மிட்டாய்க்குப் பதிலா பென்சில் குடுக்கலாம். நான் இப்ப ஒண்ணு பண்ணுதேன், அவன் பேர் எழுதி ஒரு டப்பா மிஸ்ட்ட குடுத்து வச்சிருக்கேன், அவனுக்கு ஆகுத பிஸ்கட்டும் மிட்டாயும் அதுல இருக்கும், யாருக்கு பர்த்டே வந்தாலும் எல்லாரும் மிட்டாய் திங்கும்போது அவனும் அதுல இருந்து ஒண்ணு எடுத்துத் திம்பான், மாசக் கடைசில நான் போயி நிரப்பிட்டு வருவேன்.